விற்காத மேஜை

மண்டைக் குடைச்சல் என்றால் என்ன என்பது, பக்கத்து மேஜைக்குத் தாரிணி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

செகந்திராபாத் பக்கம் தார்நாகாவில் ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கைவினைச் சந்தை நடக்கிறது. வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு மேஜை. துணிப்பை, டிபன் பை, சுடுபாத்திரம் பிடிக்கிற துணி எல்லாம் நானே தைத்து விற்கிறேன். குஷாய்குடா வீட்டிலிருந்து மூட்டையோடு என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்குவது என் வீட்டுக்காரர் கிருஷ்ணபிரசாத்தின் வேலை. வாரம் முழுக்க ஃபேக்டரி, ஞாயிற்றுக்கிழமை டிரைவர் உத்தியோகமா என்று வழியெல்லாம் புலம்புவார். புலம்பட்டும். வீட்டில் இருந்தால் மட்டும் என்ன, டிவிக்குத்தான் காவல் இருப்பார்.

தாரிணிக்கு நாற்பது வயதிருக்கும். செகந்திராபாத்திலிருந்து ஆட்டோவில் வருவாள். வெள்ளை நூலில் முடிச்சுப் போட்டுச் செய்த சுவர் அலங்காரங்கள் ஐந்தை ஒரு கம்பியில் வரிசையாக மாட்டுவாள். ஒவ்வொன்றிலும் ஒரு விலைச் சீட்டு. அதைப் படித்தால் சிரிப்புதான் வரும். அந்தப் பணத்துக்குச் சுவரையே வாங்கிவிடலாம். மாட்டி முடித்ததும் நாற்காலியில் உட்காருவாள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்தே இருப்பாள்.

கையில் புத்தகம் கிடையாது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள். யாராவது விலை கேட்டால் சீட்டைக் காட்டுவாள். குறைக்க முடியுமா என்றால் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். அவர்கள் நகர்ந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கிராக்கி போனதற்கு நிம்மதிப்படுகிற வியாபாரியை நான் ஜன்மத்தில் கண்டதில்லை.

அவள் சாப்பிடுவது இன்னும் விசித்திரம். ஒரு சின்ன டிபன் டப்பா, அதில் எலுமிச்சம் சாதமோ தயிர் சாதமோ. நான் நாலு பேரிடம் பேரம் பேசி அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தாலும் பாதிதான் ஆகியிருக்கும். ஒரு வாய் எடுப்பாள், மரத்தை அண்ணாந்து பார்ப்பாள், மெல்லுவாள். ஊறுகாயை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். நானெல்லாம் ஒரு கையில் சில்லறையும் ஒரு கையில் சப்பாத்திச் சுருளுமாகத் தின்கிற ஆள்.

வாயைக் கிளறிப் பார்த்தேன்.

"இந்த முடிச்செல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"சும்மா, அப்படியே."

"இதோ இந்த முடிச்சுக்கு என்ன பேரு?"

"சாதாரண முடிச்சுதாங்க்கா."

கைவேலை செய்கிறவள் பேசுகிற பேச்சா இது? என்னிடம் ஒரு தையலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு நீங்கள் வீடு போய்ச் சேர முடியாது.

வீட்டில் சொன்னேன். "யாரையோ வேவு பாக்க வந்த சிஐடியா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். என் பெண் ஹர்ஷிதா தமிழைக் காதில் வாங்கிக்கொண்டு தெலுங்கில் பதில் சொல்கிற ரகம். "நீக்கெந்துக்கம்மா?" என்றாள். உனக்கெதற்கு என்று அர்த்தம். எனக்கெதற்கா? என் மேஜைக்கும் அவள் மேஜைக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. எனக்கில்லாமல் வேறு யாருக்கு?

இப்படியிருக்க, போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தையை நடத்துகிற ரஷ்மி வந்தாள். சின்னப் பெண், ஆனால் கறார்.

"தாரிணி ஆன்ட்டி, ஸாரி. நீங்க வந்ததுலேர்ந்து ஒண்ணுகூட விக்கல. மேஜை கேட்டு நிறைய பேர் காத்திருக்காங்க. இன்னிக்கும் விக்கலேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவோம். கமிட்டி முடிவு."

தாரிணியின் முகம் வெளுத்துவிட்டது. "வேற வழியே இல்லையாம்மா?"

"ஒண்ணே ஒண்ணு வித்தாலும் போதும் ஆன்ட்டி. மேஜை உங்களுக்குத்தான்."

ரஷ்மி போன பிறகு தாரிணி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, டிக்கெட் இல்லாமல் ரயிலேறியவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"விலையைக் குறைச்சு வைங்களேன். கைக்கு இந்த அடம்?" கைக்கு என்றால் இந்த ஊர் இந்தியில் எதற்கு.

"பாக்கலாங்க்கா" என்றாள். குறைக்கவில்லை. மேஜை போய்விடுமே என்று உயிரை விடுகிறாள், விற்கவும் மாட்டேன் என்கிறாள். இவளை என்னதான் செய்வது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மத்தியானம், பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவைத்துவிட்டு அவள் தண்ணீர் பிடிக்க மண்டபத்துக்குள் போனாள். சரியாக அப்போது ஒருவர் வந்தார். பெயர் சாய்குமார். உப்பலில் பல் ஆஸ்பத்திரி திறக்கப் போகிறாராம். சுவரெல்லாம் மொட்டையாக இருக்கிறதாம். ஐந்தையும் ஆசையாகப் பார்த்தார். சீட்டைப் படித்ததும் பின்வாங்கினார்.

விடுவேனா? குறுக்கே போய் மறித்தேன். தெலுங்கில் பாதி, இந்தியில் பாதி என்று பேசி, அவர் கேட்ட விலைக்கும் சீட்டு விலைக்கும் நடுவே நியாயமான ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஐந்தையும் சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டேன். கையோடு ரஷ்மியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போனாள். மேஜை தப்பியது. தாரிணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

அழத்தான் செய்தாள்.

முதலில் வெறும் கம்பியைப் பார்த்தாள். நான் நீட்டிய பணத்தை அவள் தொடவே இல்லை. "அஞ்சுமா?" என்றாள்.

"ஹவ், ஆமா, அஞ்சும்! ரஷ்மியும் பாத்துட்டா. இனிமே மேஜையை யாரும் அசைக்க முடியாது."

"ஒண்ணு போதும்னுதானே சொன்னா? ஒண்ணு மட்டும் குடுத்திருக்கக் கூடாதாக்கா?" என்று சொல்லும்போதே அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்குப் போய் அழுவாங்களா? இன்னும் அஞ்சு பண்ணிட்டாப் போச்சு."

"எனக்குப் பண்ணத் தெரியாதுக்கா. ஊரை விட்டுப் போன சினேகிதி குடுத்துட்டுப் போனது அது. எனக்கு ஒரு முடிச்சுகூடப் போட வராது."

அப்புறம் அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர்கள் வீடு செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு அடுத்த தெரு. சொந்தத்தில் யார் ரயிலேறினாலும் இறங்கினாலும் அந்த வீடுதான். யாதகிரிகுட்டாவுக்குச் சாமி கும்பிடப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், இன்டர்வியூவுக்கு வந்த பையன்கள், அடுத்த வண்டிக்கு நேரமிருக்கிறதே, குளித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கும்பலுக்குக் காபி கலந்து முடிப்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். தோய்த்துப் போட்ட படுக்கை விரிப்பு காய்வதற்குள் அடுத்த ஆள் படுக்க நிற்பார்.

"எல்லாரும் நல்லவங்கதான். வராதீங்கன்னு சொல்ல எனக்கு மனசும் வராது. ஆனா நான் உக்காந்து சாப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சுக்கா. அடுப்புப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு முழுங்கிடுவேன். சும்மா கொஞ்ச நேரம் எங்கயாவது போய் உக்காந்துட்டு வரேன்னு சொன்னா யாராவது விடுவாங்களா? கடை, வியாபாரம்னு சொன்னதால விட்டாங்க."

ஊறுகாயை நாக்கில் வைத்துக்கொண்டு அவள் கண்ணை மூடுவது எனக்கு ஞாபகம் வந்தது. ஐயோ, நல்லது செய்கிறேன் பேர்வழி என்று இவளுடைய ஞாயிற்றுக்கிழமையை அல்லவா விற்றுத் தொலைத்துவிட்டேன்!

"அடுத்த வாரத்துக்கு ஏதாவது யோசிக்கலாம் தாரிணி" என்றேன்.

"அடுத்த வாரம் எங்கக்கா? இன்னிக்கு என் வீட்டுக்காரரும் அத்தையும் கடையைப் பாக்க வராங்க. மதுரையிலேர்ந்து பெரிய மாமா குடும்பம் வந்திருக்கு. மேஜை காலியா இருந்தா, எல்லாம் வித்தாச்சே, கிளம்புன்னு கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்க. இனிமே என்னத்தை விக்கப் போறேன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"அழுகை நக்கோ, வேண்டாம். மூக்கைத் துடை முதல்ல."

என் மேஜையிலிருந்து பைகளை இரண்டு கையாலும் அள்ளினேன். அவள் மேஜையில் கொட்டிப் பரப்பினேன். கம்பியில் டிபன் பைகளை மாட்டினேன். இருக்கட்டும் என்று என்னுடைய உசத்தியான கலம்காரிப் பையையும் நடுவில் வைத்தேன். பணத்தை அவள் பைக்குள் திணித்தேன். திணித்துவிட்டு நிமிர்ந்தால், ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் வந்தவர் அவள் வீட்டுக்காரர் கோபி. பின்னால் மாமியார் லலிதா அம்மாள், புடவையை இடுப்பில் இழுத்துச் செருகியபடியே. அடுப்படியிலிருந்து நேராக வண்டியேறியிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"இதென்ன, ஏதோ நூல் சமாச்சாரம்னுதானே சொன்ன? பையெல்லாம் எப்போ பண்ண ஆரம்பிச்ச?" என்றார் கோபி.

தாரிணி வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். "நூலெல்லாம் வித்துப்போச்சுங்க! இப்போ பைதான். ஆர்டர் மேல ஆர்டர். சங்கராந்தி வரைக்கும் இவங்களுக்கு மூச்சுவிட நேரமில்ல."

லலிதா அம்மாள் ஒரு பையை எடுத்து உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு என் மேஜையில் மிச்சமிருந்த பைகளைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைப் பார்த்தார். நான் டேப்பை மெல்ல உருவி மூட்டைக்குள் போட்டேன்.

"நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிப் பையைக் கீழே வைத்தார்.

கோபி போனில் மணி பார்த்தார். "சரி, பக்கத்துல இவங்க பாத்துப்பாங்க இல்ல? கிளம்பு தாரிணி. மாமா வீட்டுப் பசங்க பசிக்குதுன்னு உக்காந்திருக்காங்க. சாயங்கால வண்டியில இன்னும் ரெண்டு பேர் வராங்க."

தாரிணி எழுந்துவிட்டாள். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டாள்.

"நீ உக்காரு" என்றார் லலிதா அம்மாள். மகன் பக்கம் திரும்பினார். "இவ்வளவு வியாபாரத்தை ஒருத்தியா எப்படிப் பாப்பா? நானும் இருக்கேன். நீ போய் அவங்களுக்குத் தோசை ஊத்திக் குடு."

"நானா? எனக்குத் தோசை வராதும்மா!"

"மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. முதல் தோசை பிஞ்சுதான் போகும். அதை நீ தின்னுடு."

கோபி உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் ரொம்ப மும்முரமாக ஒரு பையை மடித்தேன். அவர் ஆட்டோ பிடிக்கப் போனார்.

என் நாற்காலியை லலிதா அம்மாளுக்கு இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணில் காலை நீட்டினார்.

"வீட்டுல ஒரு நூல் துண்டு கிடந்ததில்லடி" என்றார் மருமகளைப் பார்க்காமலே. "நான்தானே பெருக்கறேன்."

தாரிணி சட்டென்று திரும்பினாள். "அப்போ தெரியுமா அத்தை? ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லணும். சொன்னா நான் கூடாதுன்னு சொல்லியாகணும். எதுக்கு வம்பு?" காலை மண்ணில் மெல்லத் தேய்த்துக்கொண்டார். "வாராவாரம் நீ வீட்டுக்குள்ள நுழையறப்போ உன் மூஞ்சியைப் பாப்பேன். அங்க அப்படி என்னதான் இருக்குன்னு மனசுக்குள்ள ஒரே குடைச்சல். அதான் வந்தேன்."

"இங்க ஒண்ணுமே இல்லையே அத்தை."

"அதான் பாக்கறேனே" என்ற லலிதா அம்மாள், மூடிவைத்திருந்த டிபன் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மிச்சம் நான் சாப்பிடவா? காலையிலேர்ந்து ஒரு வாய் இறங்கல."

எலுமிச்சம் சாதத்தில் ஒரு வாய் எடுத்தார். வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். மென்றார். பக்கத்தில் தாரிணி மாட்டிய செருப்பை மறுபடி கழற்றினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்து கலம்காரிப் பையைத் தூக்கினாள். தோளில் மாட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. எவ்வளவு என்று கேட்டாள்.

தாரிணி என்னைப் பார்த்தாள். என்னை முந்திக்கொண்டு, வாயில் சாதத்தோடு, லலிதா அம்மாள் ஒரு விலை சொன்னார். நல்ல பட்டுப்புடவையே எடுக்கலாம் அந்த விலைக்கு. அந்தப் பெண் பையைத் தோளிலிருந்து அவசரமாகக் கழற்றி வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். லலிதா அம்மாள் முகத்தில் அதே நிம்மதி.

என் பை அது. கண் வலிக்க வலிக்க நான் தைத்தது. என் விலையைச் சொல்லியிருந்தால் பேரம்கூடப் பேசாமல் வாங்கியிருப்பாள். சண்டைக்கு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

லலிதா அம்மாள் ஊறுகாயை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

நான் சத்தம் போடாமல் என் மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.