பதினொரு மினுமினுப்பு

ஜப்பானின் கனசாவாவில் எங்கள் நகைச்சுவைக் கதை அரங்கில் நாற்பதே இருக்கை. அதன் இணையப் பக்கம் என் கைவேலை. வரிக்கு வரி விளக்கு, விசிறி, மினுமினுப்பு என்று இமோஜிகளை வாரி இறைத்திருந்தேன். முன்பதிவுப் பொத்தானில் எழுத்தே கிடையாது. ஒரு டிக்கெட், மூன்று மினுமினுப்பு, ஒரு சுட்டு விரல். இது புரியாதவர்கள் இருப்பார்களா என்ற திமிர் எனக்கு.

காலை பத்துக்கு விற்பனை தொடங்கியது. இரண்டே நிமிடத்தில் பதினான்கு இடம் விற்றுப்போனது. அப்போது பார்த்துத் தொலைபேசி அடித்தது. நோதோ பேசுகிறேன், டிக்கெட் இணையத்தில் மட்டும்தான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

எதிர்முனையில் தொகுமாரு என்றொருவர். அவருக்குக் கண் தெரியாது, கைபேசிதான் பக்கத்தைப் படித்துக் காட்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி ஷிகெனோ முதல்முறையாக எங்கள் மேடையில் கதை சொல்கிறார். இவர் வருவது அவருக்குத் தெரியக் கூடாதாம். அந்தக் கைபேசியைத் தான் பேசிக்கொண்டிருந்த தொலைபேசியின் அருகில் வைத்தார். காகித விளக்கு, மினுமினுப்பு, மினுமினுப்பு, மினுமினுப்பு என்று அது ஓதிக்கொண்டே போனது.

"பதினொரு மினுமினுப்பு தாண்டினாத்தான் தேதியே வருது. பொத்தான் எங்க ஒளிஞ்சிருக்கு, நோதோ சான்?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. தொலைபேசியைப் பிடித்தபடியே நாலைந்து முறை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். நானே பதிவு செய்து தருகிறேன் என்றேன்.

"வேண்டாம். முப்பது வருஷமா எல்லா டிக்கெட்டும் அவதான் எடுத்திருக்கா. இந்த ஒண்ணை நான் எடுக்கணும்."

அவ்வளவுதான், பக்கத்தைப் பிய்க்க ஆரம்பித்தேன். ஆசையாசையாக வைத்த விளக்குகளை எல்லாம் அழித்தேன். மீதி பத்தொன்பது இடம். பொத்தானில் 'முன்பதிவு' என்று எழுதினேன். மீதி பதினொன்று. மறுபடி திறக்கச் சொன்னேன். அவர் கைபேசி தேதியைச் சொன்னது, பொத்தானைச் சொன்னது, அவர் அழுத்தினார்.

"இப்ப 'மார்பளவு உருவம்'னு சொல்லுதே?"

நாசமாய்ப் போச்சு. பெயர் எழுதும் கட்டத்துக்கும் படம்தான் வைத்திருந்தேன். அதையும் மாற்றினேன். நான்கு இடம். மூன்று. தொகுமாரு நிதானமாகத் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். நான் மீதி எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தெட்டாம் இருக்கை," என்றார்.

நான் போட்ட கூச்சலில் மேலாளர் எட்டிப் பார்த்தார். மிச்சம் மீதி இமோஜியையும் துடைத்துவிடுகிறேன் என்று தொகுமாருவிடம் சொன்னேன்.

"எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுடாதீங்க. கடைசியில ஒண்ணு இருக்கட்டும். சிரிச்ச முகம்னு அது சொன்னா எனக்கும் சிரிப்பு வரும்."

ஞாயிறு மதியம் ஷிகெனோ மேடையில் போட்ட மெத்தையில் அமர்ந்து வணங்கி, தலை நிமிர்ந்தார். முப்பத்தெட்டாம் இருக்கையைப் பார்த்ததும் முதல் வரியை மறந்துவிட்டார். அரங்கம் கப்சிப். மேடையில் ஏன் சத்தமில்லை என்று தொகுமாருவுக்குப் புரிந்துவிட்டது. கதை தொடங்கும் முன்பே அவர் ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். ஷிகெனோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்தார்.