ஜாடிக்குள் போன அட்டை

"கிரெடிட் கார்டு அட்டைய வெட்டிட்டீங்களா?"

"நாலு துண்டா. கத்திரிக்கோலால."

"வெட்டினது பெரிய விஷயமில்ல மேடம். அப்புறம் போன் போட்டுக் கணக்கையே மூடச் சொன்னீங்க பாருங்க, அங்கதான் வந்துச்சு வினை."

ட்ரூடிக்கு உட்கார முடியவில்லை. டொலீடோ நகரப் பள்ளியின் பின்புறம் நிறுத்தியிருந்த, தான் ஓட்டும் மஞ்சள் பஸ்ஸுக்குள், போனைக் காதில் வைத்தபடி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டிருந்தாள். பிள்ளைகளை ஏற்ற இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர் டெரன்ஸ், வங்கியில் அவளுடைய வீட்டுக் கடனைப் பார்க்கிறவர். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மூன்று வாரம் இருக்கையில் அவளுடைய கடன் அறிக்கையை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"உங்க கிரெடிட் ஸ்கோர் எழுநூறுக்குக் கிட்ட இருந்துச்சு. இப்போ அறுநூத்து நாப்பத்தெட்டு. எங்களுக்குக் குறைஞ்சது அறுநூத்து அறுபது வேணும்."

"நான் புதுசா ஒரு டாலர் கடன் வாங்கலையே! இருந்த அட்டைய வேண்டாம்னுதானே சொன்னேன். அதுல பாக்கிகூட இல்ல."

"அதான் பிரச்சினையே. நீங்க மூடின அந்தக் கடை அட்டையில ஒம்பதாயிரம் கடன் வரம்பு சும்மா கெடந்துச்சு. இன்னொரு அட்டைக்கு மூவாயிரம். அதுல ரெண்டாயிரத்து நானூறு பாக்கி. முன்னாடி கூட்டிப் பார்த்தா அஞ்சுல ஒரு பங்குதான் பயன்படுத்தியிருந்தீங்க. இப்போ அஞ்சுல நாலு பங்கு. கழுத்து வரைக்கும் கடன்ல இருக்கிற ஆள் மாதிரி தெரியுது."

"பாக்கியக் கட்டிட்டா?"

"எதுலேர்ந்து? வீட்டு முன்பணத்துல கைவெச்சா அது குறையும்."

மூடிய கணக்கைத் திரும்பத் திறக்க முடியாது என்று கடைக்காரர்கள் அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். அவள் வாங்கவிருந்த லார்க்ஸ்பர் தெரு வீட்டுக்கு இன்னொருவரும் காத்திருந்தார். பதினேழு வருஷமாக மாடி வாடகை வீட்டில் இருக்கும் ட்ரூடி, அந்த வீட்டு வாசலில் மாட்டுவதற்குப் பித்தளைத் தபால் பெட்டியே வாங்கிவிட்டாள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் கணகணவென்று சத்தம் போடும்.

"ஒரு வழி இருக்கு," என்றார் டெரன்ஸ். "வீட்டு ஆளுங்க யார்கிட்டயாவது பழைய அட்டை, பெரிய வரம்பு, பாக்கி இல்லாம இருந்தா, அதுல உங்க பேரையும் சேர்க்கச் சொல்லுங்க. அந்த அட்டையும் உங்க அறிக்கையில ஏறும். அனேகமா ஸ்கோர் தூக்கிடும். ஆனா சீக்கிரம்."

அப்படி ஒரு ஆள் இருந்தாள். அக்கா பெவர்லி.

ஜனவரியில் தேவாலயத்து நிலவறையில் கடன் விடுதலை வகுப்பு நடந்தது. வியாழக்கிழமைதோறும் ஒருவர் எழுந்து அட்டையை வெட்டி ஊறுகாய் ஜாடியில் போடுவார், எல்லோரும் கை தட்டுவார்கள். அக்காவை இழுத்துக்கொண்டு போனவள் ட்ரூடிதான். தன் அட்டையை வெட்டிவிட்டு, கைதட்டல் ஓய்வதற்குள் கத்திரிக்கோலை அக்காவிடம் நீட்டினாள். பெவர்லி வாங்கவில்லை. "பிளாஸ்டிக்குக்கு அடிமைடி நீ!" என்று ட்ரூடி முப்பது பேர் முன்னால் சொன்னாள். பெவர்லி தன் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

பெவர்லி வெட்ட மறுத்த அந்த அட்டைக்கு வயது இருபத்தாறு. பெவர்லி அதில் பெட்ரோல் மட்டும்தான் போடுவாள், வெள்ளிக்கிழமை வந்தால் கட்டிவிடுவாள்.

டெரன்ஸ் போனை வைத்ததும், அக்கா வேலை பார்க்கும் பேக்கரியின் எண்ணை ட்ரூடி மூன்று தடவை அழுத்தி, மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். நாலாவது தடவை மணி அடிக்க விட்டாள்.

"பேக்கரி," என்றது குரல். பின்னால் அடுப்புத் தட்டுகள் இடிபட்டன. தவக்கால நோன்பு தொடங்குவதற்கு முந்தின செவ்வாய், ஊரே ஜாம் வைத்துப் பொரித்த பொன்ச்கி பன் வாங்க வரிசையில் நிற்கும் நாள்.

"பெவ், நாந்தான்."

"யாரு? ஜாடி நெறைஞ்சிருச்சா?"

"வேலையா இருக்கியா?"

"இல்ல, இங்க நின்னு ஹூலா டான்ஸ் ஆடிட்டிருக்கேன். எண்ணூறு பொன்ச்கி, ட்ரூடி. சொல்லு சீக்கிரம்."

"வீடு கைவிட்டுப் போயிடும்போல இருக்கு."

தட்டுகளின் சத்தம் நின்றது. "எந்த வீடு? நீ வீடு வாங்குறியா? எங்கிட்ட சொல்லவே இல்லையேடி."

"நீ பேசலையே."

"நானா பேசல?"

ட்ரூடி நடப்பதை நிறுத்தினாள். கடைசி வரிசையில் யாரோ மறந்துவிட்ட ஒற்றைக் கையுறை கிடந்தது. அதை எடுத்து விரலில் சுற்றினாள். வெட்டியது, மூடியது, அறுநூற்று நாற்பத்தெட்டு, அறுநூற்று அறுபது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். மறுமுனையில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பள்ளி மணி அடித்தது. கதவுகள் திறந்து பிள்ளைகள் பனியில் சறுக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடிவந்தார்கள்.

"எனக்கு அட்டையே கையில வேண்டாம். அதை நான் தொடவே மாட்டேன்," என்றாள் ட்ரூடி. "பெவ், உன் அட்டையில என் பேரையும் சேர்த்துக்குவியா?"