பச்சைக்கரட்டின் பதினான்காம் பெட்டி

'கோர் பெட்டிகளை இரு கைகளாலும் தூக்கவும்' என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதி, மண்ணூர் ரோட்டுக் குடோனின் சுவரில் ஒட்டியவன் நெல்லையப்பன்தான். அந்த வாசகத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, பதினான்காம் பெட்டியை ஒற்றைக் கையால் இழுத்தான். மற்றொரு கையில் வாழைக்காய் பஜ்ஜி இருந்தது. பஜ்ஜிக்கு எதுவும் ஆகவில்லை.

பெட்டி கவிழ்ந்தது. ஐந்து மீட்டர் பூமி தரையில் சிதறியது.

பேச்சுக்குச் சொல்வதில்லை, பூமியேதான். பாறையில் துளை போட்டு, உருளை உருளையாக உருவியெடுத்து, எந்த ஆழத்தில் கிடைத்ததோ அந்த வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கிவைக்கும் கல்லுக்குத்தான் கோர் என்று பெயர். வரிசை இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. வரிசை போனால் வெறும் ஜல்லி.

இது பச்சைக்கரட்டின் ஆறாம் துளை. அறுபத்தைந்தாவது மீட்டரிலிருந்து எழுபது வரை. பச்சைக்கரடு என்கிற அந்தக் குன்றில் புல்கூட ஒழுங்காக முளைக்காது. பாறையிடுக்கில் செம்பு கசிந்து பாசிபோலப் பூத்திருப்பதைப் பார்த்து ஆடு மேய்க்கிறவர்கள் வைத்த பெயர் அது. எந்தக் காலத்திலோ யாரோ அங்கே குழி தோண்டி, செம்பு உருக்கி, கசடைக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கசடைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் துரை நாலு பக்கம் எழுதினார். எண்பத்து மூன்றில் சர்க்கார் ஆட்கள் வந்து ஆறு துளை போட்டார்கள். தொண்ணூற்றேழில் ஒரு தனியார் கம்பெனி இன்னும் மூன்று. செம்பு தென்பட்டது, வெள்ளி தென்பட்டது, தங்கமும் எப்போதாவது தலையைக் காட்டியது. எல்லா அறிக்கையும் ஒரே வரியில் முடிந்தது: 'மேலும் ஆய்வு பரிந்துரைக்கப்படுகிறது.'

அந்த வரி நெல்லையப்பனுக்கு வேறு வகையிலும் பழக்கம். கான்ட்ராக்டிலிருந்து எப்போது நிரந்தரமாக்குவீர்கள் என்று அவன் கேட்கும்போதெல்லாம் குடோன் பொறுப்பாளர் ரகுபதியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்வார். பென்னலூர்க்காரர், நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே சொல்வார்: "பாத்துக்கலாம்பா. இன்னா அவசரம்? குடோன் எங்கயும் ஓடிடாது."

நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் புதிய கம்பெனி, கரட்டை மறுபடி தோண்டலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேல்விழி என்ற நிலவியல் மேடத்தை அனுப்புகிறது. எட்டுத் துளைகளைப் பார்த்து முடித்துவிட்டு, ஆறாவதற்கு நாளைக் காலை வருகிறார். துளை போட்டால் குடோன் இருக்கும். குடோன் இருந்தால் நெல்லையப்பன் இருப்பான்.

பஜ்ஜியை முடித்துவிட்டு, துடைக்காத கையோடு தரையில் உட்கார்ந்தான்.

துண்டுகளில் வரைந்திருந்த அம்புக்குறிகள் நாற்பது வருஷத்தில் மங்கிப் போயிருந்தன. ஆழம் எழுதிய மரக்கட்டைகள் ஐந்தும் தனியாகக் கிடந்தன. இந்த இடத்தில் அவனுக்குள்ளிருந்த பழைய தொழிலாளி விழித்துக்கொண்டான். இங்கே வருவதற்கு முன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் லைனில் நின்றவன் அவன். அங்கே வேதம் ஒன்றுதான்: ஒரே மாதிரிச் சாமான் ஒரே தட்டில். அதற்காக இரண்டு முறை பரிசும் வாங்கியிருக்கிறான். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதே கை இப்போதும் வேலைசெய்தது. சாம்பல் கல்லெல்லாம் ஒரு பக்கம், வெள்ளைக் கல் ஒரு பக்கம், மஞ்சளாகப் பளபளக்கிற துண்டுகளெல்லாம் நடுவரிசையில். அடுக்கி முடித்து எழுந்து நின்று பார்த்தபோது, மூன்றாம் பரிசுக்கும் தகுதியானதாகவே தோன்றியது.

வேல்விழி மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, தூசி படிந்த ஷூ. பதினான்காம் பெட்டியின் முன்னால் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"அண்ணா, இதைப் பாத்தீங்களா? ஒரு சாண் முழுக்க செம்புத் தாது. இடைவெளியே இல்லாம. இந்த மாதிரி இடத்துலதான் தங்கமும் சேந்து உக்காந்திருக்கும்."

"அப்படிங்களா மேடம்," என்றான் நெல்லையப்பன்.

"அப்போ குயி தோண்டிருவாங்களா?" என்றார் பின்னால் நின்ற ரகுபதி.

"இது நிஜம்னா, கண்டிப்பா."

ரகுபதி நெல்லையப்பனின் முதுகில் தட்டினார். "கேட்டுக்கினியா? பர்மனென்ட்டு மாப்ளே!" என்று காதோரம் சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.

நெல்லையப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் அப்படித்தான் இருக்க முடிவுசெய்தான். ஏழு நிமிடம் இருந்தும் காட்டினான்.

வேல்விழி எண்பத்து மூன்றாம் வருஷக் குறிப்பேட்டைப் பிரித்தார். ஆறாம் துளையின் பரிசோதனைத் தாள்களையெல்லாம் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான். துளை போட்ட இடத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு சாணாகப் பார்த்து எழுதியவர் பிச்சையா. நெல்லையப்பன் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் சாப்பாட்டு நேரங்களில் அந்த நோட்டைத் தொடர்கதை மாதிரி படித்திருக்கிறான். கல்லைப் பற்றிய இங்கிலீஷ் வரிகளுக்கு ஓரத்தில் பென்சிலில் தமிழில் எழுதியிருப்பார்: 'மழை. கூடாரத்தில் தேள். அடித்தாயிற்று.' 'சமையல்காரன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். இன்றும் அவல்.' 'அறுபத்தெட்டாம் மீட்டர். ஒரு விரல் அகலம் மின்னியது. ஐந்து நிமிடம் ராஜாவாக இருந்தேன்.'

"இவர் எழுதினது வேற மாதிரி இருக்கே," என்றார் வேல்விழி. "அங்க ஒரு கீத்து, இங்க ஒரு கீத்துன்னு நாலு இடத்துல தனித்தனியா காட்டியிருக்கார். பெட்டியில ஒரே இடத்துல இருக்கு. பாக்காமலே எழுதிட்டார் போல. அந்தக் காலத்துல கூடாரத்துல உக்காந்தே எழுதித் தள்ளுவாங்க." பேனாவை எடுத்தார். "பழைய குறிப்பு நம்பத் தகுந்ததல்லன்னு போட்டுறேன்."

நெல்லையப்பனுக்குத் தேள் ஞாபகம் வந்தது. அவல் ஞாபகம் வந்தது.

"அப்புறம் இன்னொன்னு," என்று ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார் வேல்விழி. "இந்தக் கல்லுல எண்ணெய் இருக்கு. தங்கம் தேடப் போய் பெட்ரோலும் கிடைச்சிருக்கோ?"

"அது கடலை எண்ணெய் மேடம்," என்றான். "பஜ்ஜி சுட்டது."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கவிழ்த்தது, கலைந்தது, டிபன் பாக்ஸ் வரைக்கும் சொல்லிவிட்டான். "அவுக சரியாத்தான் எழுதிருக்காவ மேடம். நாந்தான் மஞ்சளா இருந்ததையெல்லாம் பொறுக்கி ஒரு வரிசையில வச்சேன். பாக்க லெச்சணமா இருக்கட்டும்னு. அந்த மனுசனத் தப்புன்னு மட்டும் எழுதிராதிய."

வேல்விழி அவனையே பார்த்தார். "இயற்கையே பண்ணாததை நீங்க ஒரே நாள்ல பண்ணியிருக்கீங்கண்ணா."

"திட்டணும்னா திட்டிருங்க."

"திட்டுறது அப்புறம். மொதல்ல உக்காருங்க. கையைக் கழுவிட்டு."

தார்ப்பாயை விரித்து எல்லாவற்றையும் கொட்டினார்கள். உடைந்த கல் தன் ஜோடியை மறப்பதில்லை என்பதை அன்று மதியம் நெல்லையப்பன் கண்டுகொண்டான். ஒன்றின் மேட்டில் இன்னொன்றின் பள்ளம் உட்கார்ந்தால் 'டக்' என்று சின்னச் சத்தம் கேட்கும். தப்பான ஜோடி என்றால் கரகரவென்று ஆடும். ஒரு டக்குக்கு நாற்பது கரகர. வெளியே ஷிப்டு பஸ்கள் போய், அடுத்த ஷிப்டு பஸ்கள் வந்தன. ரகுபதி டீயோடு வந்து, தரையைப் பார்த்து, விஷயம் கேட்டு, "அடப்பாவி, உன் வேலைய நீயே கவுத்துக்கினியா?" என்றார். பிறகு அவரும் பேன்ட்டை மடித்துவிட்டு உட்கார்ந்து, யாரும் எதிர்பாராத வகையில் பதினோரு ஜோடி சேர்த்தார்.

நாலரை மணிக்குக் கடைசித் துண்டு உட்கார்ந்தது. வேல்விழி நோட்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு இடம். பிச்சையா எழுதிய அதே நாலு இடம். அறுபத்தெட்டில் நெல்லையப்பன் தன் சுட்டுவிரலை வைத்துப் பார்த்தான். சரியாக ஒரு விரல். இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்குச் சாம்பல் கல்.

ரகுபதி கை கழுவப் போனார். வேல்விழி மடிக்கணினியைத் திறந்தார். நெல்லையப்பன் தொண்டையைச் செருமினான்.

"மேடம், ஒண்ணு கேக்கேன். நூறு வருசமா எல்லாரும் மேலும் ஆய்வு, மேலும் ஆய்வுன்னே எழுதிட்டுப் போயிருக்காவ. எனக்கும் இங்க நாலு வருசமா அதே கதைதான். நீங்களாவது சொல்லுங்க. அங்க இருக்கா, இல்லையா?"

வேல்விழி மடிக்கணினியை மூடிவிட்டு அவனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"செம்பு இருக்குண்ணா. வெள்ளி இருக்கு. தங்கமும் இருக்கு. ஆனா எல்லாம் நூல் நூலா இருக்கு. ஒன்பது துளையிலயும் அப்படித்தான். இந்தப் பெட்டி ஒண்ணுதான் பாக்கின்னு நெனச்சேன், இதுலயும் அதேதான். அங்க சுரங்கம் வராது. இன்னொரு துளை வேண்டாம்னுதான் எழுதப்போறேன். மார்ச்சுல குடோனைக் காலி பண்ணிருவாங்க. உங்களுக்கு இங்க வேலை நிரந்தரமாகாது. இன்னைக்கே வேற இடம் தேட ஆரம்பிங்க."