வெள்ளிக்கிழமை போனில் பேசியது யார்

நான் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பதற வேண்டாம், செத்தது நான் குரல் கொடுத்துக்கொண்டிருந்த மூத்தவள். ஏழரை மணித் தொடரில் அக்கா, தங்கை என்று இரண்டு பேர். இருநூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடில் அக்காவின் கார் ஏரிக்குள் போய்விட்டது. அக்காவாக நடித்த பெண்ணுக்கு நம் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அவள் வாயை அசைப்பாள், நான் பேசுவேன். அவளை ஏரியில் தள்ளியவர்கள் என்னையும் சேர்த்துத்தான் தள்ளினார்கள்.

நாற்பத்தாறு வயதில் மறுபடி ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினேன். கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் ஒரு 'ஐயோ', ஆஸ்பத்திரிக் காட்சியில் நர்ஸின் 'வெளிய இருங்க'. பத்தொன்பது வருஷம் பேசிய வாய்க்கு அது எந்த மூலைக்கு?

அப்போதுதான் ஒரு புதன்கிழமை, ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட அந்தப் பழைய ஸ்டுடியோவுக்குப் போனேன். டப்பிங் இன்சார்ஜ், அதாவது எந்தப் பாத்திரத்துக்கு யார் பேசுவது என்று ஆள் பிடித்துக் கொடுப்பவர், வாசலிலேயே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். வர வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம்.

"நல்ல வேளை வந்தீங்க. ரெண்டே வரிதான். போன்ல ஒரு பொம்பள பேசுறா, முகம் கிடையாது. குரல கொஞ்சம் இறக்கிப் பேசிட்டுப் போயிடுங்க."

"யாரு அந்தப் பொம்பள?"

"அது எனக்கே தெரியாது. கதைக்காரர் வாயே திறக்க மாட்டேங்கிறார்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். திரையில் இளையவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடுங்கினாள். "அந்த வீட்ட விக்காத," என்றேன். "அவன நம்பாத." ஒரே டேக்கில் முடிந்தது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. 'செய்யாதே' என்று எதையாவது சொல்லும் முன்னால் தொண்டைக்குள் சின்னதாக ஒரு விழுங்கல் விழும். சவுண்ட் இன்ஜினியர் எப்போதும் அதை வெட்டிவிடுவார். அன்று அவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், லிஃப்ட் மெக்கானிக்கான என் கணவர், அவருடைய தங்கை. நாத்தனாருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை விளிம்பு தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு சீரியலைச் சும்மா பார்க்க முடியுமா? தொடரின் மர்மங்களை அலசுவதற்கென்றே இணையத்தில் ஒரு குழு நடத்துகிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் சிஐடி.

வெள்ளிக்கிழமை அந்தக் காட்சி ஒளிபரப்பானது. ஸ்டுடியோவில் பேசியதை வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று எங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதனால் நான் உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் குழு பற்றி எரிகிறது. சிஐடி ஒரு கணிப்பு எழுதிப் போட்டிருந்தாள். போனில் பேசியது வேறு யாருமில்லை, செத்துப்போன அக்காதான்.

ஆதாரங்களையும் வரிசையாக அடுக்கியிருந்தாள். ஏரியிலிருந்து எடுத்த உடலின் முகத்தைக் காட்டவே இல்லை, கைக்கடிகாரத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். வீட்டை விற்கப்போகும் விஷயம் இளையவளுக்கும் அவள் புருஷனுக்கும் வக்கீலுக்கும் தவிர யாருக்கும் தெரியாது, ஆனால் அக்காவுக்கு மட்டும் நாற்பதாவது எபிசோடிலேயே சந்தேகம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படம். அக்காவின் பழைய வசனங்களின் ஒலி அலையையும் போன் குரலின் ஒலி அலையையும் மேலும் கீழுமாக வைத்து, அந்த விழுங்கலைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தாள். என் தொண்டையை அப்படி நடுத்தெருவில் வைத்து யாரும் அளந்ததில்லை.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அது வக்கீலின் மனைவி என்றார் ஒருவர். இளையவளுக்கு மனநோய், போனே வரவில்லை என்றார் இன்னொருவர். செத்தது அக்காவே இல்லை, தங்கைதான், அக்கா தங்கையாக வேஷம் போட்டுக்கொண்டு அலைகிறாள் என்று ஒரு புண்ணியவான் பத்துப் பக்கம் எழுதியிருந்தார். அத்தனை பேரையும் சிஐடி ஒற்றை ஆளாக நின்று சமாளித்தாள். ஒரே வாரத்தில் குழுவில் நாற்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"அண்ணி, உண்மைய சொல்லுங்க. அக்கா சாகலதானே?" என்று ஒரு காலையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தெரியாது."

"காதுல பூ சுத்தாதீங்க."

"ம்," என்று எழுந்து போய்விட்டேன்.

"செத்தவ செத்தவதான். விடு," என்றார் கணவர். அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைத் தவிர வேறு யாரைப் பற்றியும் ரொம்ப யோசிக்க மாட்டார்.

எனக்குத் தெரியாது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்தாம் நாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே தொண்டை கட்டியிருந்ததா? இல்லை, கதை வெளியே கசியக் கூடாதென்று இன்சார்ஜ் எனக்கே நாடகம் ஆடினாரா? இன்ஜினியருக்கு அன்றைக்கென்று பார்த்தா பசிக்கும்? விழுங்கலை வேண்டுமென்றே விட்டார்களோ? யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய எபிசோடுகளைப் போட்டுப் பார்த்தேன். நானே பேசிய வசனங்களில் நானே துப்புத் தேடினேன். நூற்று முப்பதாவது எபிசோடில் அக்கா ஏரிக்கரையில் ஒரு படகுக்காரனிடம் வழி கேட்கிறாள். எதற்குக் கேட்டாள்? பேசியவள் நான்தான், எனக்கே தெரியவில்லை. அக்கா உயிரோடு இருந்தால் எனக்கு வேலை திரும்பி வரும். அந்த ஆசை படகுக்காரனைக்கூட விட்டுவைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் இன்சார்ஜ் கூப்பிட்டார். "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சத்தியமா இல்ல."

"நாளைக்கு மத்தியானம் வாங்க. கதைக்காரர் உங்கள பாக்கணுமாம்."

ஸ்டுடியோவின் பின்னால் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் காகிதச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. கதைக்காரர் என்றால் வயதானவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். முப்பத்தைந்துகூட இருக்காது. மூன்று நாள் தாடி, இரண்டு போன், பிஸ்கட் பாக்கெட். திட்டப்போகிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன்.

"உக்காருங்க மேடம். ரெண்டு குரலும் நீங்கதான்னு எனக்கு நேத்துதான் தெரியும். அந்தக் குழுவுல போட்ட படத்த பாத்துட்டுத்தான் இன்சார்ஜ புடிச்சேன்." சிரித்தார். "என் கதைப்படி போன் பண்றது வக்கீலோட மனைவி. ஆனா நாப்பதாயிரம் பேரு அக்கா வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. சேனல்காரங்க, அவளையே கொண்டுவாங்களேன்னு கேக்கறாங்க. நடிச்ச பொண்ணும் தேதி தரேன்னுடுச்சு."

"அப்ப கொண்டுவரலாமே சார்," என்றேன்.

"வரலாம். ஒரு வருஷம் ஓட்டலாம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது. அவள எழுதினவங்க என்னோட சேர்த்து நாலு பேரு. நடிச்ச பொண்ணுக்கு என்ன பேசுறோம்னே புரியாது. முதல் எபிசோடுலேருந்து அவளுக்குள்ள இருந்த ஒரே ஆள் நீங்கதான். சொல்லுங்க. அவ உயிரோட இருந்தா, இப்படி ஒளிஞ்சு நின்னு தங்கச்சிக்கு போன் பண்ணுவாளா?"

ஒரு 'ஆமா' போதும். ஒரு வருஷ வேலை. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. உனக்காக வேண்டாம், நாற்பதாயிரம் பேருக்காகச் சொல்லேன் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். ஆனால் பாழாய்ப்போன மனசு, அவள் பேசியதையெல்லாம் வரிசையாக எடுத்து முன்னால் வைத்தது. அவளால் ஒரு ரகசியத்தை ஒரு மணி நேரம் காப்பாற்ற முடிந்ததில்லை. கோபம் வந்தால் கத்துவாள், அடுத்த நிமிஷம் கட்டிக்கொள்வாள். அத்தனையும் என் வாய் வழியாகத்தான் வந்தது. எனக்குத் தெரியாதா?

"மாட்டா சார்," என்றேன்.

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "ஏன்?"

"அம்மா செத்த சேதிய போன்ல சொல்ல மனசு வராம ரெண்டு பஸ் மாறிப் போய் தங்கச்சிய பாத்தவ சார் அவ. அந்தப் பொண்ணு இத்தன நாளா அழறத பாத்துக்கிட்டு எங்கயோ ஒளிஞ்சு நிக்கறதுன்னா, அது அவ இல்ல. அவ பேர வெச்சுக்கிட்டு வேற யாரோ."

அவர் எழுந்து போய் 'அக்கா?' என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டை உரித்து எடுத்தார். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. தேங்க்ஸ் மேடம்," என்றார். இணையத்தில் இருக்கும் அந்த எபிசோடில் என் இரண்டு வரிகளையும் வக்கீல் மனைவிக்குப் பேசப்போகிறவரை வைத்து மாற்றிவிடுவார்களாம். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார். பஸ் நிறுத்தம் வரும் வரை என்னை நானே கழுதை, மடச்சி என்று திட்டிக்கொண்டே நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. சிஐடிக்கு அன்று வார விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்து வைத்து யாருக்கோ பதில் அடித்துக்கொண்டிருந்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவள் எதிரே உட்கார்ந்து சுருக்கமாகச் சொன்னேன். போனில் பேசியது நான்தான், கதைக்காரர் கேட்டார், அவள் அப்படிச் செய்யமாட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

லேப்டாப்பை மூடினாள். "ஒரே ஒரு ஆமா சொல்ல முடியலயா அண்ணி உங்களால?"

"உன் கணிப்பு மண்ணக் கவ்விடுச்சுன்னு வருத்தமா?"

"என் கணிப்பா?" முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. "மொத வார்த்தையிலயே உங்க குரல்னு தெரிஞ்சுது. யாரோ வரல, உங்கள வெச்சு சமாளிச்சிருக்காங்க, கதையில ஒண்ணும் இல்லன்னும் தெரிஞ்சுது. என்னைய முட்டாள்னு நெனச்சீங்களா? போன் பண்ணது வக்கீல் பெண்டாட்டிதான்னு அன்னிக்கே எழுதி வெச்சிருக்கேன். போடல."

"பின்ன எதுக்குடி இத்தன பாடு?"

"நாப்பதாயிரம் பேரு கத்தினா கொண்டுவந்துடுவாங்கன்னு நெனச்சேன். அவ வந்தா நீங்க வேலைக்குப் போவீங்க."

"அதுக்காகவா?"

"ரெண்டு மாசமா நீங்க இந்த வீட்ல பேசவே இல்ல அண்ணி," என்றாள். "கேட்டா ம், இல்லன்னா சரி. அக்கா சாகலதானேன்னு அன்னிக்குக் கேட்டதுகூட உங்க வாயத் திறக்க வைக்கத்தான். அண்ணன் என்னென்னவோ சொல்லிப் பாத்தான். அன்னிக்கு டிவியில ரெண்டு வரி உங்க குரல் வந்ததும் நாங்க ரெண்டு பேரும் அப்படியே உக்காந்துட்டோம். அவன் அழுதுட்டான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னான்."

ஊரான் வசனத்தையெல்லாம் பத்தொன்பது வருஷம் பேசியவள், என் வீட்டு மனுஷர்களை இரண்டு மாதம் பட்டினி போட்டிருக்கிறேன். அது எனக்குத் தெரியவே இல்லை. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

"உக்காருடி," என்றேன். "எங்க போற? அந்தக் கதைக்காரர் இருக்காரே, எப்படி இருப்பார்னு நெனக்கற?"

உட்கார்ந்தாள். தாடி, இரண்டு போன், பிஸ்கட் பாக்கெட், சுவர்ச் சீட்டு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, ஒவ்வொரு சீட்டிலும் என்ன எழுதியிருந்தது என்று குடைந்து எடுத்தாள். நானும் படகுக்காரனைப் பற்றி என் சந்தேகத்தைச் சொன்னேன். அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, நான் விடவில்லை. நடுவில் கணவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வந்தவர் கையில் இருந்த கருவிப் பையைக் கீழே வைக்கவும் மறந்து, வாசலிலேயே நின்று நான் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.