வரப்பேறி வந்த மண்

அவள் நிலத்தை உழுவதை நிறுத்திய மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில், பக்கத்து வயலின் மண் வரப்பேறி இறங்கி அவள் வயலில் வந்து படுத்துக்கொண்டது. காற்றும் இல்லை, மழையும் இல்லை. எறும்புச் சாரை போலப் பொடிப்பொடியாக நடந்து வந்து, அவள் பரப்பியிருந்த வைக்கோலுக்கு அடியில் நிழல் பார்த்து ஒண்டியது.

பக்கத்து வயல் அவள் கணவனின் அண்ணனுடையது. கணவன் இறந்த பிறகு ஒன்றேகால் ஏக்கரை ஒற்றை ஆளாகப் பார்ப்பவள் அவள். மூன்று வருடம் மழை பொய்த்ததும், பயிற்சி முகாமில் சொன்னபடி உழாமல், அறுவடைத் தாளைக் கொளுத்தாமல், நிலத்தை மூடிவைத்து விதைத்தாள். அண்ணனோ நான்கு சால் உழுது, தாளுக்குத் தீ வைத்து, மண்ணை வெயிலில் வாட்டுகிறவர்.

"ஏம்மா, என் மண்ணைத் திருடுறியா?"

"நான் எங்க அத்தான் திருடினேன்? அதுவா வருது. வேணும்னா கூப்பிட்டுப் பாருங்க."

அவர் கூப்பிடவும் செய்தார். அது அசையவில்லை. அன்றோடு அவள் நிம்மதி போயிற்று. காலையில் கூடை கூடையாக அள்ளி அவர் வயலில் கொட்டுவாள். மதியம் சோற்றில் கை வைக்கும்போது அது திரும்பி வந்து முளைத்த பயிரைப் புதைத்திருக்கும். வரப்பை உயர்த்தினாள், ஏறி வந்தது. தகரம் வைத்து அடைத்தாள், சுற்றி வந்தது. இரண்டாம் வருடம் வயல் நெஞ்சளவு உயர்ந்து, விதைக்கப் போகவே ஏணி தேவைப்பட்டது. வேளாண் அலுவலர் மூன்று முறை பயிர்ச்சேதப் படிவத்தோடு வந்தார்.

"மண்ணு நடந்துச்சுன்னு எழுத இதுல இடமில்லம்மா. 'இதர'ன்னு போடட்டுமா?"

"எதையாவது போட்டுத் தொலைங்க சார்."

மூன்றாம் வருடம் அத்தான் வயலில் பாறை தெரிந்தது. அதிலும் டிராக்டர் விட்டுக் கலப்பையை முறித்தார். வெறும் பாறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"அது கோவிச்சுக்கிட்டுப் போகல அத்தான். வெயில் தாங்கல, அவ்வளவுதான். மூடி வைங்களேன், கையெடுத்துக் கும்பிடுறேன்."

தன் வைக்கோலில் பாதியை அவளே இழுத்துப் போய்ப் பாறைமேல் உதறினாள். சற்று நேரம் வேடிக்கை பார்த்தவர், பிறகு முணுமுணுத்துக்கொண்டே ஒரு வைக்கோல் கட்டைப் பிரித்தார்.

மறுநாள் மண் கிளம்பியது. முழுதும் போய்ச் சேரப் பதினொரு நாள் ஆயிற்று. அவளுடைய மண்புழுக்களில் கால்வாசி கூடவே போய்விட்டன; அவற்றை அவள் திருப்பிக் கேட்கவில்லை.

நிலத்தை மூடாதவர்கள் அந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அதனால் கோடையில் நண்பகல் பேருந்து தாமதமாகத்தான் வரும். சாலையை மண் கடக்கும்போது ஓட்டுநர் ஹாரன் அடிப்பதில்லை. இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு, கடைசிப் பொடியும் தாண்டிய பிறகு வண்டியை எடுப்பார்.