ரயில் தெரியும் அறைகள்: ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்தில் பிறந்தது. புகார் என் மேல் இல்லை, அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் வந்தது ஜன்னலக்காவுக்கு.

முதல் வரியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ‘ரயில் சத்தம் கேட்டு அவள் கண்விழித்தாள்’ என்பது ஒன்று. அக்கா படித்துவிட்டு, “எந்த வண்டி தம்பி?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அடித்துவிட்டேன். அடுத்தது, ‘தூரத்தில் தண்டவாளங்கள் இரண்டு பாம்புகளைப் போல நெளிந்து’

(அதை முடிக்கவே விடவில்லை. “அங்க பதினொரு பாதை இருக்கு. எழுதறதா இருந்தா இருபத்திரண்டு பாம்பு போடுங்க.”)

மற்ற இரண்டையும் அவரிடம் காட்டவில்லை. எனக்கும் மானம் இருக்கிறது.

2

அக்காவுக்குத் தொழில் பல் செட் செய்வது. அரை மில்லிமீட்டர் தப்பினால் ஒரு மனிதர் சோற்றை மெல்ல முடியாது என்று அடிக்கடி சொல்வார். அந்தக் கண்டிப்போடுதான் பத்தொன்பது வருடமாகப் பட்டியல் ஒன்றும் போட்டு வருகிறார்: ரயில் பார்க்க வாகான விடுதி அறைகள். ஊர் ஊராகப் போய், தங்கி, விடுதியின் பெயர், அறை எண், எத்தனை பாதை தெரியும், கட்டிலில் படுத்தபடி தெரியுமா, கழுத்தை வளைக்க வேண்டுமா என்று எல்லாம் எழுதுவார். மற்றவர்கள் நட்சத்திரம் கொடுப்பதுபோல் அவர் ஜன்னல் கொடுப்பார், ஜன்னலக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஐந்து ஜன்னல் வாங்கிய அறைகள் இதுவரை ஒன்பதே ஒன்பது.*

விதிகள் இரண்டு. தான் தங்காத விடுதியைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கண்ணால் பார்த்த நல்ல ஜன்னலை விட்டுவிடுவதும் இல்லை. அறுநூறு பேர் அந்தப் பட்டியலை நம்பிப் பெட்டி கட்டுகிறார்கள், அவர்களில் நானும் ஒருவன். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

* விடுதியில் போய் ‘வ்யூ உள்ள ரூம்’ என்று கேட்டால் கெட்டோம். நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள். ரயில் பக்கத்து அறையை அவர்கள் ‘பின்பக்கம்’ என்று வெட்கத்தோடு ஒளித்து வைத்திருப்பார்கள். அக்கா கேட்கும் கேள்வி: “உங்ககிட்ட ரொம்ப சத்தம் வர்ற ரூம் எதுங்க?” வரவேற்பு மேசையில் இருப்பவர் முகம் வெளிறிப் போகும். புகார் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

3

கடிதம் எழுதியவர் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவருடைய அப்பா முப்பது வருடம் ரயில் பாதை மாற்றும் வேலை பார்த்தவர், இப்போது எழுந்து நடக்க முடியாதவர். ‘அறை 212. ஐந்து ஜன்னல். படுத்தபடியே தெரியும்’ என்று பட்டியலில் பார்த்துவிட்டு, விடுப்பைச் சேர்த்துவைத்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

‘இரண்டு நாளும் இலைதான் தெரிந்தது. அப்பா சத்தத்தை வைத்தே ஒவ்வொரு வண்டியையும் சொன்னார். உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை.’

அந்தக் கடைசி வரிதான் அக்காவைச் சுட்டது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டுச் சமாளித்திருப்பார்.

பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘எதிரே மொட்டை மரம். இடைஞ்சல் இல்லை.’ இலை உதிர்ந்த மாதத்தில் போய்த் தங்கியிருக்கிறார். இஞ்சின் சத்தத்தை வைத்து வண்டியின் வயதைச் சொல்கிற அக்காவுக்கு, மரம் துளிர்க்கும் என்று தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். “யானை பட்டியல் போடலையே” என்றார்.

4

மறுவாரமே கிளம்பிவிட்டார். 212-இன் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இலை, அதற்குப் பின்னால் இலை. எங்கேயோ ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. அக்கா கட்டிலில் படுத்து, அந்தப் பெரியவர் படுத்திருந்ததுபோலவே கொஞ்ச நேரம் கிடந்தார். அவமானமாக இருந்தது.

(இங்கே மரத்தை வெட்டிக் கதையை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். மரம் நிற்பது ரயில்வே நிலத்தில். என் கையிலும் இல்லை, விடுதிக்காரர் கையிலும் இல்லை.)

விடுதி மேலாளர் ஓடி வந்தார். அக்காவின் பட்டியல் வந்த பிறகுதான் அவருடைய பின்பக்க அறைகளை ஆட்கள் கேட்டு வாங்க ஆரம்பித்திருந்தார்கள்.

“மேடம், ஜன்னலைக் குறைச்சிடாதீங்க. மேல அஞ்சாவது மாடியில ஒண்ணு இருக்கு. மரத்துக்கு மேல. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க.”

5

அது துணி தேய்க்கும் அறை. படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவில் நின்று ஒரு பெண்மணி தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், சுவரின் பாதி அகலத்துக்கு ஒரு ஜன்னல்.

பதினொரு பாதைகளும் தெரிந்தன. ஒன்றுகூட மறையவில்லை. வண்டிகள் பிரியும் வளைவும், இஞ்சின் கழற்றி மாட்டும் இடமும், அதற்கப்பால் பாலமும் தெரிந்தன. அக்கா பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“இப்ப ஒரு கூட்ஸ் வரும், பாருங்க” என்றார் தேய்ப்பவர், தலையை நிமிர்த்தாமலே. “ரெண்டு நாப்பது. அது வளைவுக்கு வர்றதுக்குள்ள உறை முடிஞ்சிடணும். முடியலேன்னா நான் லேட்டு. அது வரலேன்னா அது லேட்டு.”

கூட்ஸ் வந்தது. கடைசி உறை அடுக்கின் மேல் விழுந்தது. அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தானே அந்த வண்டியை அனுப்பி வைத்ததுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

“எப்படி மேடம்?” என்றார் மேலாளர். “இவங்களக் கீழ்த்தளத்துக்கு மாத்திட்டா இதை ரூமாக்கிடலாம். ஒரு மாசம் போதும். நீங்க அஞ்சு ஜன்னல் போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்.”

கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. அந்த அம்மாள் அடுத்த விரிப்பை உதறினார்.

6

மேலாளர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் அவருக்கு மீசை வைத்து, குரலை உயர்த்தி, வில்லனாக்கிவிட்டேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “அவர் நல்ல மனுஷன்தான்யா. விடுதி நல்லா ஓடணும்னு நினைக்கிறார். அதுல என்ன தப்பு?” மீசையை எடுத்துவிட்டேன். வில்லன் இல்லாமல் போனதும் கதை இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஐந்து ஜன்னல் என்று எழுதினால் அறுநூறு பேர் அந்த அறையைக் கேட்பார்கள், அந்த அம்மாளுக்கு ஜன்னல் போகும். எழுதாமல் விட்டால் அக்கா வாழ்நாளில் பார்த்த மிகச் சிறந்த ஜன்னல் பட்டியலில் இல்லாமல் போகும், பட்டியல் பொய்யாகும். மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்து, ‘அப்போது ஓர் அற்புதம்’

இல்லை. வேண்டாம். கேட்டால் சிரிப்பார்கள்.

7

அக்கா செய்தது எனக்குத் தோன்றவே இல்லை. மேலாளரைக் கீழே அனுப்பிவிட்டு, தேய்ப்பவரிடமே கேட்டார்.

“இந்த ஜன்னலப் பத்தி நான் எழுதட்டுமா, வேண்டாமா? நீங்க வேண்டாம்னா எழுத மாட்டேன்.”

“ஏன் வேண்டாம்?”

“எழுதினா உங்கள மாத்திடுவாங்களோன்னுதான்.”

அந்த அம்மாள் பெட்டியின் சூட்டைக் குறைத்தார். “பதினாலு வருஷமா இங்க நிக்கிறேன். துணி வாங்க வர்றவங்க துணியத்தான் பாப்பாங்க. ஜன்னலப் பாத்தது நீங்கதான். வேற எங்கயாவது இப்படித் தெரியுமா?”

“தெரியாதுங்க. நான் பாத்ததுல இதான் முதல்.”

“அப்ப எழுதுங்க” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. “ஊரே தெரிஞ்சுக்கட்டும். ஆனா யாரோட ஜன்னல்னு சேத்து எழுதுங்க.”

பிறகு, பேருந்து ஓட்டுநரின் அப்பாவைப் பற்றி அக்கா சொன்னதைக் கேட்டு, இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் கையால் அளந்து காட்டினார். “இங்க ஒரு சாய்வு நாற்காலி போடலாம். அவர வரச் சொல்லுங்க. என் விருந்தாளியா வரட்டும்.”

அன்று மாலையே அக்கா திருத்தம் எழுதினார். பத்தொன்பது வருடத்தில் முதல் திருத்தம். அதை இங்கே அப்படியே தருகிறேன், என் சரக்கு ஒரு சொல்கூட இல்லை:

‘அறை 212. இலை உதிர்ந்த மாதங்களில் ஐந்து ஜன்னல். மற்ற மாதங்களில் ஒன்றுமில்லை. முன்பு எழுதியது என் தவறு.

அதே விடுதி, ஐந்தாம் தளம், துணி தேய்க்கும் அறை. பதினொரு பாதைகள். ஆறு ஜன்னல். ஆறு என்று ஓர் அளவு இதுவரை இருந்ததில்லை, இதற்காகச் சேர்க்கிறேன். இது பதினான்கு வருடமாக இங்கே துணி தேய்ப்பவரின் ஜன்னல். வாடகைக்கு இல்லை.’

தப்பை ஒத்துக்கொண்ட வரியை எழுதும்போது அவருக்குக் கை நடுங்கியிருக்கும் என்று எழுதியிருந்தேன். “நடுங்கல” என்று திருத்தினார். அவரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கும் பெருமைக்கு இதுவே காரணம்.

8

மேலாளர் இன்னும் முடிவு செய்யவில்லை. நல்ல மனிதர், ஆனால் தொழில் நடத்துகிறவர். திருத்தம் போன வாரம்தான் அறுநூறு பேருக்கும் போயிருக்கிறது. கீழ்த்தளத்தில் மின் இணைப்பு கொடுக்க ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருப்பதாகக் கேள்வி. அவரை மனம் மாற வைப்பது எனக்கு ஒரு வாக்கிய வேலை. செய்யப் போவதில்லை. அது பொய்யான ஜன்னலாகிவிடும்.

பட்டியலைப் பார்த்து ஆட்கள் விடுதிக்குப் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் மேலாளர் ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்கிறாராம். நீங்களும் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களுக்கும் அந்தப் பதினொரு பாதைகளைப் பார்க்க ஆசை வந்திருக்கும். போன் செய்வீர்கள். அவர் கேட்பார்:

“சார், அந்த மேல் ரூமை ரெடி பண்ணிக் கொடுத்தா வருவீங்களா?”

சொல்லுங்கள்.