பூரணியின் தலைவலி

ஸ்ரீரங்கத்துப் பூரணிக்கு விமானம் ஓட்டிவிட்டு இறங்கினால் அடிக்கடி தலை வலித்தது. ஃப்ளையிங் கிளப்பில் எல்லோரும் பழியைத் தூக்கி அவளுடைய ஏகாதசி விரதத்தின் மேல் போட்டார்கள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் மதுரை வரை பறந்துவிட்டுத் திரும்பினால் வலிக்காமல் என்ன செய்யும்? வாட்ச்மேன் காஜா மைதீன்கூட, "இன்னிக்கு ஏகாதசிங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார்.

மெக்கானிக் இருதயநாதனும் அதையே நம்பினான். பொன்மலையிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வருபவன். சம்பளத்துக்காக வருவதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "இன்ஜின் நன்னா ஓடித்து, மிஸ்டர் நாதன்" என்று அவள் இறங்கி வந்து சொல்லும் அந்த ஒரு வரிக்காகத்தான் வந்தான். வாய்விட்டுக் கேட்க முடியாத ஆசை. மாதா கோயில் எங்கே, பெருமாள் கோயில் எங்கே.

ஒரு துவாதசியன்று விடியற்காலையிலேயே பாரணை செய்து விரதத்தை முடித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். திரும்பி இறங்கும்போது இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தலை விண்விண்ணென்று வலித்தது, கண் சொக்கியது.

பயிற்சியாளர் கேப்டன் சந்திரசேகர் பதறிப்போனார். "உன் உடம்புக்குப் பறக்கறது ஒத்துக்கலம்மா. கமர்ஷியல் லைசென்ஸ் வேண்டாம். இங்கேயே ஆபீஸ்ல உட்காரு, நான் வேலை போட்டுத் தரேன்."

"இன்னும் ஒரே ஒரு தரம் போய்ப் பார்க்கறேன் சார். அப்பவும் வலிச்சா, நீங்க சொல்றபடியே ஆபீஸுக்கு வந்துடறேன்" என்றாள் பூரணி.

பக்கத்தில் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்த இருதயநாதன் காதிலும் அது விழுந்தது. ஆபீஸ் என்றால் தினமும் வருவாள். லைசென்ஸ் என்றால் பம்பாய்க்கோ டெல்லிக்கோ வேலைக்குப் போய்விடுவாள்.

சாப்பிட்டவளுக்கு ஏன் வலித்தது என்ற கேள்வி மட்டும் அவனை விடவில்லை. புகை எங்காவது உள்ளே கசிகிறதோ என்று அன்று மத்தியானமே இன்ஜினைத் திறந்தான். புகைக்குழாயின் இணைப்புகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. புகையின் சத்தத்தை அடக்கும் மஃப்ளரைச் சுற்றியிருந்த தகர உறை ஒன்றுதான் பாக்கி. மஃப்ளரின் சூட்டில் காயும் காற்றைக் குளிர்நாட்டுக்காரர்கள் அந்த உறை வழியாக விமானத்துக்குள் விட்டுக்கொள்வார்கள். திருச்சி வெயிலில் எவன் ஹீட்டர் போடுவான்? அதனால் அந்த உறையைக் கிளப்பில் யாரும் கழற்றியதே இல்லை, இருதயநாதனும் சேர்த்துத்தான்.

ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆபீஸ் நாற்காலியில் அவளை மனசுக்குள் உட்காரவைத்து ஒரு நிமிடம் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. பிறகு அவள் தனியாக மேலே போய்க் கண் சொக்குவதையும் நினைத்துப் பார்த்தான். கை தானாக ஸ்பானரை எடுத்தது.

உறையைக் கழற்றினான். வாக்குவம் கிளீனரை ஊதும் பக்கம் மாட்டிப் புகைக்குழாய்க்குள் காற்றடித்து, மஃப்ளர் மேல் சோப்புத் தண்ணீர் பூசினான். வெல்டிங் ஓரமாக நுரை பொங்கியது. மயிரிழை விரிசல். ஹீட்டர் காற்றை உள்ளே விடும் கதவோ இழுப்பாரில்லாமல், பாதி திறந்தபடி துருப்பிடித்துக் கிடந்தது. இன்ஜின் புகையிலிருக்கும், வாசனையே இல்லாத விஷவாயு அந்த வழியாகத்தான் இத்தனை நாளும் அவளிடம் போயிருக்கிறது. அரை மணிக்குள் இறங்கிவிடும் மற்றவர்களை விட்டுவிட்டு, மதுரை வரை போய்வரும் அவளைத்தான் அது பிடித்திருக்கிறது. இருதயநாதன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கேப்டனிடம் ஓடினான்.

மெட்ராஸிலிருந்து புது மஃப்ளர் வந்தது. கதவையும் மாற்றினார்கள். ரிப்பேர் பார்த்தவனே முதல் பறப்பில் கூட உட்கார வேண்டும் என்பது அந்தக் கிளப்பின் வழக்கம். அப்படித்தான் அவள் பக்கத்தில் உட்காரும் பாக்கியம் அவனுக்கு வாய்த்தது.

கொள்ளிடத்தில் மணல் வெளுத்துக் கிடந்தது. ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தைத் தாண்டியதும், "அதோ, எங்காத்து மொட்டை மாடி!" என்று காட்டினாள். அவன் மாடியைப் பார்க்கவில்லை. போகும்போதும் திரும்பும்போதும் அவள் கை நெற்றிக்குப் போகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தான். போகக்கூடாது என்று மாதாவை வேண்டினான். ஒரே ஒரு தடவை போனால் என்ன என்றும் அந்தப் பாழும் மனசு கேட்டது.

சக்கரம் தரையைத் தொட்டது. இன்ஜினை நிறுத்திவிட்டு, பூரணி அவன் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "வலிக்கவே இல்லை, மிஸ்டர் நாதன்!"

"வலிக்காதுங்க" என்றான் இருதயநாதன். "இனிமே எவ்வளவு தூரம் போனாலும் உங்களுக்கு வலிக்காது."